குப்புசாமி என்கிற பெயரைப் பற்றி

இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். சாப்பிட்டுவிட்டு ஆற அமர உட்கார்ந்து படியுங்கள்.

என் பெயருக்கு முன்னால் 'கு.' என்று ஓர் எழுத்து இருப்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். 34 வருடம் வருகைப் பதிவேட்டிலும் ரிப்போர்ட் கார்டிலும் அந்த எழுத்தைப் போட்டுத்தான் கையெழுத்திட்டேன். அதன் விரிவு என்னவென்று உங்களில் ஒருவருக்கும் நான் சொன்னதில்லை. கேட்ட ஒரே ஒரு பையனிடம் பொய் சொன்னேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

விஷயம் இப்போது எழக் காரணம், போன மாதம் என் தம்பி மகனுக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. தாயும் சேயும் நலம். தம்பி தன் ஆசையைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதினான்: "நைனா பேர் வைக்கலாமா? என் பையனுக்குத்தான் வைக்கல, பேரனுக்காவது வைப்போமே." அவ்வளவுதான். பத்து நிமிஷத்தில் சிரிப்புப் பொம்மைகள் வரிசை கட்டி வந்தன. "குப்பை வண்டி வரும்போதெல்லாம் பிள்ளை திரும்பிப் பார்ப்பானே" என்று ஒன்று. "ஈரக் குப்பையா, உலர்ந்த குப்பையா?" என்று இன்னொன்று. தம்பி அதன் பிறகு ஒரு வார்த்தை எழுதவில்லை.

எங்கள் நைனாவின் பெயர் குப்புசாமி. எழுதியவர்கள் யார்மீதும் எனக்குக் கோபம் இல்லை. கோபப்படும் யோக்கியதை எனக்கில்லை என்பது கடைசியில் உங்களுக்கே புரியும். ஆனால் அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டு சிரித்தால் நல்லது என்று தோன்றியதால் எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் ஆயா, அதாவது நைனாவின் அம்மா, சொன்ன கதை இது. ஆரணிக்குப் பக்கத்துக் கிராமம். ஆயாவுக்கு முதலில் பிறந்தது ஆண் குழந்தை. எட்டாம் நாள் போய்விட்டது. அடுத்தது பெண். அதுவும் பத்து நாள் தாண்டவில்லை. மூன்றாவது ஆண் பிள்ளை நடக்க ஆரம்பித்த பிறகு அம்மை வந்து போனது. நான்காவது நைனா, பிறந்தது 1931இல். பிறந்த அன்றைக்கே பிள்ளையை ஒரு முறத்தில் கிடத்திக் கொல்லைப்புறத்துக் குப்பைமேட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். பேசி வைத்தபடி பக்கத்து வீட்டு அம்மா அந்த வழியாக வந்து, "ஐயோ, யாரோ போட்டுட்டுப் போன புள்ள" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே எடுத்துக்கொண்டார். ஆயா ஒரு படி தவிட்டைக் கொடுத்து அவரிடமிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டார். மூக்கின் வலப்பக்கம் குத்தினார்கள். பெயர் குப்புசாமி என்று வைத்தார்கள்.

நைனாவின் வலது மூக்கில் கடைசிவரை ஒரு சின்னப் புள்ளி இருந்தது. சின்ன வயதில் நான் அதை அம்மைத் தழும்பு என்று நினைத்திருந்தேன்.

இந்தச் சடங்கில் உள்ள கணக்கு எளிமையானது. பிள்ளையைக் கொண்டுபோவது எமனோ, காத்து கருப்போ, கண்ணேறோ, எதுவாக இருந்தாலும் அது அருமையான பொருளைத்தான் தேடி வரும். குப்பையில் கிடந்ததை யார் தூக்குவார்கள்? அதனால் இது எங்கள் பிள்ளையே இல்லை, தவிட்டுக்கு வாங்கியது, பெயரைப் பார், குப்பை, என்று வந்தவனை ஏமாற்றி அனுப்புகிற வேலை. மூக்குக் குத்துவதும் அதற்குத்தான். ஆண் பிள்ளைக்கு மூக்குக் குத்தினால் பெண் என்று நினைத்துக்கொள்ளும் என்பார்கள், ஊனப்பட்ட பொருளை எடுக்காது என்றும் சொல்வார்கள். தென்பக்கம் மூக்கன், மூக்கையா, மூக்காயி என்று வழங்கும் பெயர்களில் பல இப்படி வந்தவைதான். நம் வீடுகளில் பிள்ளைகளைச் சீண்டும்போது "உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்" என்று சொல்வார்களே, அதை வேடிக்கைப் பேச்சு என்றுதான் நாமெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அந்தப் பேச்சுக்குப் பின்னால் உண்மையாகவே தவிடு அளந்து கொடுத்த பெண்கள் இருந்தார்கள்.

எட்டாம் நாள், பத்தாம் நாள் என்று ஆயா சொன்னதைப் பல வருடம் விதி என்றே கேட்டுக்கொண்டிருந்தேன். பணியில் சேர்ந்த பிறகு தடுப்பூசி முகாம்கள் எங்கள் பள்ளி வளாகத்திலேயே நடக்கும். ஆசிரியர்கள்தான் வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வரவேண்டும். அங்கே வந்த கிராம செவிலியர் ஒருவர் சொல்லித்தான் எனக்கு விளங்கியது. பச்சைக் குழந்தை முதல் வாரம் நன்றாகப் பால் குடித்துவிட்டு, பிறகு வாய் திறக்க முடியாமல், உடம்பு விறைத்து, இழுப்பு வந்து போவது ரணஜன்னி. தொப்புள் கொடியை அரிவாளாலோ மூங்கில் சிம்பாலோ அறுத்து, சாம்பலும் சாணமும் வைத்துக் கட்டிய காலம் அது. கிருமி அந்த வழியாக உள்ளே போகும். கர்ப்பிணிக்கு ஊசி போட்டு, சுத்தமான பிளேடால் கொடியை அறுத்தால் அந்தச் சாவு இல்லை. இந்தியாவில் பச்சிளங்குழந்தை ரணஜன்னி ஒழிக்கப்பட்டதாக 2015இல்தான் அறிவித்தார்கள். என் ஆயா எமனை ஏமாற்றக் குப்பைமேட்டுக்குப் போனார். உண்மையான எமனோ சில சமயம் அந்தச் சாணத்திலேயே இருந்தது. அவருக்கு அது எப்படித் தெரியும்?

குப்புசாமி மட்டுமல்ல, இதற்கு ஒரு பெரிய குடும்பமே இருக்கிறது. குப்பன், குப்பையன், குப்பம்மாள், குப்பாயி. நம் திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கம் மண்ணாங்கட்டி என்று பெரியவர்கள் இருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். பிச்சை என்ற பெயரும் இதற்குப் பங்காளிதான். கோயிலில் மடிப்பிச்சை ஏந்தி வேண்டிக்கொண்டு பெற்ற பிள்ளை, சாமி போட்ட பிச்சை. பிச்சைமுத்து இந்துக்களிலும் உண்டு, கிறிஸ்தவர்களிலும் உண்டு. முஸ்லிம்களில் பிச்சை ராவுத்தர் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். மதுரையில் 1972இல் பிறந்த பிச்சை சுந்தரராஜனை உலகமே சுந்தர் பிச்சை என்று கூப்பிடுகிறது. அந்தப் பெயரைப் பார்த்து நம் வாட்ஸ்அப் குழுவில் யாரும் சிரித்து நான் பார்த்ததில்லை.

இது தமிழர் மட்டும் செய்த தந்திரமும் இல்லை. தெலுங்கில் பெண்டய்யா என்று ஒரு பெயர் உண்டு. 'பெண்ட' என்றால் சாணக் குவியல். மராத்தியில் தோண்டு, தக்டு என்றால் கல். பெண் கல்விக்காகப் பல்கலைக்கழகம் நிறுவி, 1958இல் பாரத ரத்னா பெற்று, 104 வயது வாழ்ந்த தோண்டோ கேசவ் கார்வேயின் பெயரில் இருப்பதும் அந்தக் கல்தான். வங்காளத்தில் தின்கௌரி என்றால் மூன்று சோழிக்கு வாங்கியவன்.

வங்காளத்துக் கதைகளில் எனக்கு மனதில் நிற்பது குதிராம் போஸ். நாலாம் ஐந்தாம் வகுப்பில் விடுதலைப் போராட்டப் பாடம் நடத்தும்போது, 18 வயதில் தூக்குமேடை ஏறிய பையன் என்று உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். 1889இல் மிதுனாபூர் மாவட்டத்தில் பிறந்தவர். அவருக்கு முன்னால் பிறந்த ஆண் பிள்ளைகள் இறந்துவிட்டார்கள். இவரைக் காப்பாற்ற, பெற்ற தாயே அவருடைய அக்காவுக்கு மூன்று கைப்பிடி நொய்க்கு விற்றுவிட்டார். வங்காளியில் நொய்க்கு 'குத்' என்று பெயர். அதனால் குதிராம். அங்கே நொய், இங்கே தவிடு. அந்தப் பக்கத்து அம்மாவுக்கும் எங்கள் ஆயாவுக்கும் நடுவில் ஆயிரம் மைல். அப்படிக் காப்பாற்றிய பிள்ளையை 1908 ஆகஸ்டில் முசாபர்பூர் சிறையில் வெள்ளைக்காரன் கொண்டுபோனான்.

இன்னும் தூரம் போனால் ஜப்பான். 16ஆம் நூற்றாண்டில் அந்த நாட்டையே ஆண்ட டொயொட்டோமி ஹிதேயோஷிக்கு வயதான காலத்தில் ஒரு மகன் பிறந்தான். அவனுக்கு அவர் வைத்த பெயர் 'சுதே'. எறியப்பட்டவன் என்று பொருள். அது பலிக்கவில்லை, 1591இல் குழந்தை இறந்துவிட்டது. 1593இல் அடுத்த மகன் பிறந்தபோது 'ஹிரோய்' என்று வைத்தார். பொறுக்கி எடுக்கப்பட்டவன். கோட்டையும் படையும் வைத்திருந்தவரும் குப்பைமேட்டு வைத்தியத்துக்குத்தான் வந்தார். மங்கோலியாவில் நெர்குய் என்று பெயர் வைப்பார்கள். அதன் பொருளே 'பெயரில்லை' என்பதுதான்.

இனி குப்பை என்ற சொல்லுக்கு வருகிறேன். தமிழ் டீச்சர் வேலையை விட்டாலும் புத்தி போகாது, பொறுத்துக்கொள்ளுங்கள். இன்று குப்பை என்றால் பிளாஸ்டிக் கவரும் நாற்றமும்தான் நம் கண்முன் வருகிறது. பழைய தமிழில் குப்பை என்றால் குவியல், அவ்வளவுதான். நெல்லைக் குவித்தாலும் உப்பைக் குவித்தாலும் குப்பைதான். சிவகங்கைச் சீமையில் நெற்குப்பை என்றே ஓர் ஊர் இருக்கிறது. பிளாஸ்டிக் வருவதற்கு முன்னால் விவசாயி வீட்டுக் குப்பைமேட்டில் கிடந்தது சாணம், சாம்பல், வைக்கோல் கூளம், தழை. வருஷக் கடைசியில் வண்டி கட்டி நிலத்துக்கு அடிக்கிற எரு அது. குப்பைமேடு உயரமாக இருக்கிற வீட்டில் மாடு நிறைய இருக்கிறது என்று பார்த்துப் பெண் கொடுத்திருக்கிறார்கள். திருவண்ணாமலை தீபத்தையொட்டி நம் பக்கம் குப்பைக் கார்த்திகை கொண்டாடுவோமே, அன்றைக்கு வாசலில் வைப்பதுபோலக் குப்பைமேட்டிலும் ஓர் அகல் வைப்போம். ஆயா இருந்தவரை அந்த விளக்கை நைனா கையால்தான் வைக்கச் சொல்வார். ஏன் என்று அப்போது நான் கேட்கவில்லை.

ஆக, பிள்ளையை வைத்த இடம் கேவலமான இடம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது என் எண்ணம். எமனிடம் சொல்லும்போது அது கழிவு. வீட்டுக்காரிக்கு மட்டும் தெரியும், அதில்தான் அடுத்த வருஷத்துச் சோறு இருக்கிறது என்று.

இந்தப் பெயரைத் தாங்கிப் பெரிய மனிதர்கள் வாழ்ந்திருக்கிறார்கள். தியாகராஜ சுவாமிகளின் சீடர் திருவொற்றியூர் வீணை குப்பய்யர் இயற்றிய வர்ணங்களை இன்றும் கச்சேரிகளில் பாடுகிறார்கள். சென்னை மாநிலக் கல்லூரியின் சமஸ்கிருதப் பேராசிரியர் குப்புசாமி சாஸ்திரியின் (1880–1943) பெயரில் மயிலாப்பூரில் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. கோயம்புத்தூரில் 1910இல் லட்சுமி மில்லைத் தொடங்கியவர் ஜி. குப்புசாமி நாயுடு. அவர் பெயரில் உள்ள ஆஸ்பத்திரியை ஜி.கே.என்.எம். என்று சுருக்கிச் சொல்கிறோம், அந்தக் 'கே'யில் யார் இருக்கிறார் என்று நினைப்பதில்லை. பாரதிதாசன் 1930இல் 'சஞ்சீவி பர்வதத்தின் சாரல்' எழுதியபோது நாயகனுக்கு வைத்த பெயர் குப்பன். ஆனால் அதில் மூடநம்பிக்கைக்காரன் அவன்தான், அவனுக்குப் புத்தி சொல்கிறவள் வஞ்சி என்கிற பெண். டீச்சரான எனக்கு அதில் ஒரு சந்தோஷம் உண்டு.

இவர்கள் எல்லோருக்கும் பெயர் வந்த காரணம் முறமும் தவிடும்தான் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு வீட்டில் ஒருமுறை இந்தப் பெயர் வந்துவிட்டால், பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தால் அது தலைமுறை தாண்டி வந்துகொண்டே இருக்கும். 'பெயரன்' என்பதுதானே பேரன். காரணம் மறந்துபோகும், பெயர் நிற்கும்.

ஒரு கசப்பான விஷயத்தையும் விட்டுவிடக் கூடாது. குப்பய்யர், குப்புசாமி நாயுடு என்று சொன்னேன். எங்கள் ஊரில் சேரியில் பிறந்த பிள்ளைக்கு மட்டும் அந்தச் 'சாமி' கிடைக்காது. பெற்றவர்கள் ஆசையாகக் குப்புசாமி என்று வைத்தாலும் ஊர்க்காரர்கள் வாயில் 'குப்பா' என்றுதான் வரும். 'சாமி' என்று முடிகிற பெயரைச் சொல்லிக் கூப்பிட இவர்களுக்கு நாக்கு வராது. பள்ளிக்கூடத்துப் பழைய சேர்க்கைப் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்திருக்கிறேன். ஒரே வருடம் சேர்ந்த இரண்டு பிள்ளைகளில் ஒருவன் குப்புசாமி, இன்னொருவன் குப்பன். எழுதிய கை ஒரே கை. எல்லோரையும் பொதுவாகச் சொல்லும்போது 'குப்பன் சுப்பன்' என்கிறோம். அதில் குப்பன் என்றால் கணக்கில் வராதவன் என்ற பொருள் எப்படி ஏறியது என்று யோசித்துப் பாருங்கள். எமனை ஏமாற்ற வைத்த பெயரை ஊரே நிஜமென்று எடுத்துக்கொண்டுவிட்டது.

பெயர் ஏன் மறைந்தது என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. 1971இல் இந்தியாவில் பிறந்த 1000 குழந்தைகளில் 129 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்தன. 2020 கணக்கில் அது 28, தமிழ்நாட்டில் 13. அம்மை 1970களில் ஒழிந்தது. பிள்ளை தங்குமா என்ற பயம் போனதும் பெயர் வைப்பதில் அழகு, எண்கணிதம், ஸ்டைல் எல்லாம் வந்து உட்கார்ந்துகொண்டன. என் பணிக்காலத்திலேயே அதைப் பார்த்தேன். நான் வேலைக்குச் சேர்ந்த 1984இல் வகுப்புக்கு ஒரு குப்புசாமியோ குப்பம்மாளோ நிச்சயம் இருப்பார்கள். ஓய்வு பெற்ற 2018இல் பள்ளி முழுக்கத் தேடினாலும் ஒன்று இல்லை, தகப்பன் பெயர்க் கட்டத்தில்கூட இல்லை. தாத்தா பெயர் கேட்டால்தான் வரும்.

இப்போது அந்தப் பையன்.

1987. மூன்றாம் வகுப்பு. என் வகுப்பில் ஒரு குப்புசாமி இருந்தான். ஒல்லியான பிள்ளை, கணக்கில் கெட்டிக்காரன். வருகை எடுக்கும்போது அவன் பெயர் வந்ததும் பின்வரிசையில் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். நான் கண்டித்தேன், பிரம்பையும் தட்டினேன். ஆனால் அதற்கு மேல் நான் செய்தது என்னவென்றால், பெயரைப் படிக்கும்போது 'சாமி' என்று மட்டும் படிக்க ஆரம்பித்தேன். அவனுக்கு உதவி செய்வதாக நினைப்பு. மூக்கைப் பொத்திய பிள்ளைகளுக்கு, டீச்சரே சொல்லக் கூசுகிற பெயர் அது என்று நானே சொல்லிக் கொடுத்ததுபோல ஆயிற்று.

ஒருநாள் நோட்டுத் திருத்திக் கொடுத்தபோது அவன் என் கையெழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். "டீச்சர், உங்க இனிஷியல் 'கு'ன்னா என்னா டீச்சர்?" என்று கேட்டான். அவன் முகத்தில் ஒரு எதிர்பார்ப்பு இருந்தது. பின்னால் நாற்பது பிள்ளைகள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் "குமாரசாமி" என்றேன்.

"ஓ" என்று சொல்லிவிட்டு நோட்டை வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தான்.

அந்த வருஷம் நைனா உயிரோடுதான் இருந்தார். பள்ளிக்கூட வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு எனக்காகக் காத்திருப்பார். நீங்களே அவரைப் பார்த்திருக்கிறீர்கள், அவர் கொண்டுவரும் வேர்க்கடலையைத் தின்றிருக்கிறீர்கள். அன்று சாயங்காலமும் அவரோடுதான் வீட்டுக்குப் போனேன். 1999இல் அவர் இறக்கும் வரை இதை அவரிடம் சொல்லவில்லை. குப்பைமேடும் தவிடும் ஆயா எனக்கு முன்பே சொல்லியிருந்த கதைதான். தெரிந்துகொண்டேதான் மறைத்தேன்.

தம்பி மகன் நேற்றிரவு போன் செய்தான். "அத்தை, தொட்டில்ல போடுற அன்னிக்கு காதுல பேரு சொல்ல நீங்கதான் வரணும். எனக்குத்தான் கூடப் பொறந்த பொண்ணு இல்லையே" என்றான். என்ன பெயர் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "சர்டிபிகேட்ல வேற பேருதான் அத்தை, அவ ஒண்ணு பார்த்து வெச்சிருக்கா. ஆனா காதுல நீங்க என்ன சொல்றீங்கன்னு யாருக்குக் கேக்கப் போகுது?" என்றான். வருகிற ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.

1987இல் என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்த குப்புசாமி எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. அவனோடு படித்தவர்கள் இந்தப் பதிவைப் பார்த்தால், அவன் நம்பர் உங்களிடம் இருந்தால், அவனுக்கு அனுப்பி வையுங்கள். 'கு' என்றால் குப்புசாமி என்று டீச்சர் சொல்லச் சொன்னார் என்று சொல்லுங்கள்.